கிரகணமும் குடலும்: ஒரு குழாயின் வரலாறு

2019 டிசெம்பர் 26ஆம் திகதி காலை வடக்கில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களில் சிலர் கண்ணாடியும் கையுமாக மொட்டைமாடியில் நின்றோம். சிலரை வீட்டில் வாசல்படி தாண்ட விடவில்லை. எங்களில் ஒருத்தியின் மச்சாளுக்கு அப்போது ஏழு மாதம் கடந்திருந்தது. கதவு, யன்னல் எல்லாம் பூட்டி அவவை உள்ளே இருத்தியிருந்தார்கள். ஆனாலும் கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க அவ ஒருக்கால் வெளியில் போய்விட்டா.

மாசியில் பிள்ளை பிறந்தது. தொப்புளடியில் ஒரு மெல்லிய சவ்வுப் பை இருந்தது, அதற்குள் குடலின் ஒரு பகுதி. சத்திரசிகிச்சை செய்து குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். பெடியன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். தாயிடம் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை: “கிரகணத்தண்டு ஏன் பிள்ளை வெளியில போனனீ?”

எங்கள் வாசிப்புச் சந்திப்பொன்றில் இந்தக் கதை வந்தது. “அது மூடநம்பிக்கை” எண்டு சொல்லிவிட்டுப் போவது லேசு. அப்படியென்றால் குடல் உண்மையில் எப்படி உருவாகிறது, அதை யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர் கேட்டபோது எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. உயர்தர உயிரியலில் படம் கீறிப் பாடமாக்கியவர்களுக்கும்கூடத் தெரியவில்லை. தேடி வாசித்தோம். அந்தத் தாயிடம் கேட்கப்பட்ட கேள்வி ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்காகக் கேட்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதில் தேடிய வழியில் குடல் முக்கியமான ஒரு சாட்சியாக நின்றிருக்கிறது.

முட்டைக்குள் ஒரு சண்டை

கோழிமுட்டையை நாளுக்கு நாள் உடைத்துப் பார்த்தால் குஞ்சு எப்படி உருவாகிறது என்று தெரியும். இதை அரிஸ்ரோட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்பது அவருடைய முடிவு. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் நுணுக்குக்காட்டி வந்த பிறகு, ஐரோப்பிய அறிஞர்களில் பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறான ஒன்றை நம்பத் தொடங்கினார்கள். உயிர் புதிதாக உருவாவதில்லை, எல்லா உறுப்புகளோடும் ஏற்கெனவே சின்னதாக மடிந்து கிடக்கிறது, அது வெறுமனே பெருக்கிறது என்றார்கள். சிலருக்கு அந்தச் சின்ன உருவம் முட்டைக்குள் இருந்தது, சிலருக்கு விந்தணுவுக்குள். 1694இல் நிக்கொலாஸ் ஹார்ட்ஸுக்கர் விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் இருந்தால் எப்படியிருக்கும் என்று கீறிய படம் இண்டைக்கும் புத்தகங்களில் வருகிறது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அதன் உள்ளடக்கம் சிரிப்புக்குரியதல்ல. எல்லாம் முன்னமே செய்து வைக்கப்பட்டது என்றால், படைப்பின் முதல் நாளிலேயே எல்லாத் தலைமுறையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், தலையெழுத்தைத் தலையோடு சேர்த்தே செய்து வைத்த மாதிரி. அப்படியென்றால் குறையோடு பிறக்கும் பிள்ளையை என்ன சொல்வது? கடவுளே அப்படிச் செய்து வைத்தாரா? இல்லையென்றால் இடையில் யாரோ கெடுத்திருக்க வேண்டும். அந்த “யாரோ” பெரும்பாலும் தாய்தான். கர்ப்பிணி எதையாவது பார்த்துப் பயந்தால், ஆசைப்பட்டால், அது பிள்ளையின் உடம்பில் பதியும் என்பது அன்றைய ஐரோப்பாவில் படித்தவர்களிடமும் இருந்த நம்பிக்கை.

இந்த “முன்னமே இருந்தது” கோட்பாட்டின் மிகப் பெரிய பெயர் சுவிற்சர்லாந்தின் ஆல்பிரெக்ற் ஃபொன் ஹாலர். 1758இல் கோழிக்குஞ்சைப் பற்றி அவர் எழுதிய நூலில் வலுவான ஆதாரமாக நின்றது குடல். முட்டையின் மஞ்சட்கருவை மூடியிருக்கும் சவ்வு, குஞ்சின் குடற்சுவரோடு ஒரே தொடராகச் சேர்ந்திருப்பதை அவர் கண்டார். மஞ்சட்கரு சேவல் சேராத முட்டையிலும் இருக்கிறது. அதன் சவ்வும் குடலும் ஒன்று என்றால், குடலும் அங்கே முன்னமே இருந்திருக்க வேண்டும். குடல் இருந்தால் குஞ்சும் இருந்திருக்க வேண்டும். கேட்கும்போது அசைக்க ஏலாத வாதம் மாதிரித்தான் இருக்கிறது.

தையற்காரரின் மகன்

அதற்கு அடுத்த வருடம், 1759இல், ஜேர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் கஸ்பார் ஃபிரீட்றிக் வொல்ஃப் என்ற இளைஞர் தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். பேர்லினில் ஒரு தையற்காரரின் மகன். வயது இருபதுகளின் நடுவில். தாவரத்திலும் கோழிமுட்டையிலும் தான் பார்த்ததை வைத்து, உறுப்புகள் முன்னமே இருக்கவில்லை, உருவமற்ற பொருளிலிருந்து படிப்படியாக உருவாகின்றன என்று அவர் வாதிட்டார். ஏட்டை ஹாலருக்கே அனுப்பியும் வைத்தார். ஹாலர் மரியாதையாகப் பதில் எழுதினார், ஆனால் ஏற்கவில்லை. அவருடைய தயக்கத்தில் விஞ்ஞானத்தோடு மதமும் கலந்திருந்தது.

வொல்ஃபுக்குப் பேர்லினில் கற்பிக்க இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்த மருத்துவப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ரஷ்யாவின் இரண்டாம் கதரின் அரசியின் அழைப்பில் 1767இல் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்துக்குப் போனார். சாகும்வரை அங்கேதான் இருந்தார். போன கையோடு அவர் வெளியிட்டது குடல் உருவாவதைப் பற்றிய நீண்ட கட்டுரை. இலத்தீனில் எழுதப்பட்டு 1768, 1769 ஆண்டுகளின் கழகத் தொகுதிகளில் வந்தது.

அடைகாத்த முட்டைகளைப் பருவம் பருவமாகத் திறந்து அவர் பார்த்தது இதுதான். தொடக்கத்தில் குடல் என்று ஒன்றும் இல்லை. மஞ்சட்கருவின் மேல் தட்டையாக விரிந்த ஒரு படை மட்டும் இருக்கிறது. முன்புறத்தில் அது மடிந்து ஒரு பை மாதிரி ஆகிறது. பின்புறத்திலும் மடிகிறது. பக்கங்கள் கீழ்நோக்கி வளைந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. நடுவில் முதலில் ஒரு வாய்க்கால், பிறகு ஓரங்கள் சேர்ந்து ஒரு குழாய். கடைசியாக மூடும் இடம் தொப்புள். துணியை மடித்து ஓரம் சேர்த்துக் குழல் ஆக்குவது போலத்தான்.

ஹாலரின் வாதம் இங்கே உடைந்தது. சவ்வும் குடலும் தொடராக இருப்பது உண்மைதான். ஆனால் இரண்டு பொருள் ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன என்று ஆகாது. தட்டையான படையின் ஒரு பகுதிதான் மடிந்து குடலாகியிருக்கிறது. அது நடப்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று.

ஆனால் அந்த மடிப்பை மடிப்பது எது என்று வொல்ஃபால் சொல்ல முடியவில்லை. அதற்கு “சாரவிசை” என்று பொருள்படும் ஒரு பெயரை மட்டும் வைத்தார். பெயர் வைப்பது விளக்கமாகாது. அந்தக் கேள்வி இன்னும் 200 வருடத்துக்கு மேல் காத்திருந்தது.

போத்தல்களுக்குள் பிள்ளைகள்

சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வொல்ஃபுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பேரரசர் முதலாம் பீற்றர் 1718இல் ஓர் ஆணை போட்டிருந்தார். வழமைக்கு மாறான உருவத்தோடு பிறக்கும் பிள்ளைகளையும் விலங்குகளையும் மறைக்காமல் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பணம் கொடுக்கப்படும். இவை பேயின் வேலை என்று நம்புவது அறியாமை என்றும் அந்த ஆணை சொன்னது. நல்லது. ஆனால் அதே ஆணை காரணமாகச் சொன்னவற்றில் கர்ப்பிணியின் பயமும் எண்ணமும் இருந்தன. பேயை விட்டுவிட்டார்கள், தாயை விடவில்லை!

அப்படிச் சேர்ந்த உடல்களை அறுத்தும் விவரித்தும் வொல்ஃப் வருடக்கணக்காக வேலை செய்தார். குறையோடு பிறப்பதும் இயற்கையின் அதே செயல்முறையில் வருவதுதான், ஆனால் வழி மாறிப்போயிருக்கிறது என்பது அவர் போன திசை. அந்த வேலை முடியாமலே 1794இல் இறந்தார். குடல் கட்டுரையும் தூர நகரத்து இலத்தீன் தொகுதிக்குள் கிடந்து கிட்டத்தட்ட மறக்கப்பட்டது.

அதை 1812இல் ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர் ஹாலேயில் இருந்த யொஹான் ஃபிரீட்றிக் மெக்கல். அவரின் தாத்தா, தகப்பன், அவர் என்று மூன்று தலைமுறை உடற்கூற்றியலாளர்கள். வைத்திய மாணவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். கருவில் நடுக்குடலையும் மஞ்சட்கருப் பையையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. பிறப்பதற்கு வெகு முன்னரே அது மறைந்துபோக வேண்டும். சிலரில் முழுதாக மறையாமல், சிறுகுடலில் விரல்நுனி போன்ற ஒரு பையாக நின்றுவிடுகிறது. நூற்றில் ஏறக்குறைய 2 பேருக்கு இது உண்டு. அநேகமானோருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியவே வராது. இது எங்கிருந்து வருகிறது என்று 1809இல் விளக்கியவர் மெக்கல். ஹாலர் கண்ட அந்த மஞ்சட்கருத் தொடுப்பின் மிச்சம்தான் இது.

இதிலிருந்து மெக்கல் ஒரு பெரிய கருத்துக்குப் போனார். பிறவிக் குறைகளில் பல, எல்லாருமே கருவில் கடந்து வந்த ஒரு படியில் வளர்ச்சி நின்றுபோனதால் வருபவை. இது ஒரு தலைகீழ் மாற்றம். தொப்புளில் குடல் வெளியே நிற்கும் பிள்ளை வேறு வகையான ஒரு உயிர் அல்ல. எங்கள் எல்லாருக்கும் ஒருகாலம் குடல் அங்கேதான் இருந்தது.

ஆனால் இந்தக் கருத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் இருந்தது. மனிதக் கரு மீன், ஊர்வன என்று “தாழ்ந்த” விலங்குகளின் படிகளில் ஏறி வருகிறது என்றும், குறை என்றால் கீழ்ப்படியில் நின்றுவிட்டது என்றும் மெக்கல் உட்படப் பலர் நினைத்தார்கள். உயிர்களை ஏணியில் அடுக்கும் அந்தப் பழக்கம் பின்னர் மனித இனங்களை அடுக்கவும் பயன்பட்டது. 1828இல் கார்ல் ஏர்ன்ஸ்ற் ஃபொன் பேயர் இதை மறுத்தார். கருக்கள் தொடக்கத்தில் ஒன்றுபோல் இருந்து பின்னர் கிளைபிரிகின்றன, ஒன்று இன்னொன்றின் படியில் ஏறுவதில்லை என்றார். வொல்ஃபின் குடல் கட்டுரையை அவதானிப்பு விஞ்ஞானத்தின் ஆகச்சிறந்த படைப்பு என்று புகழ்ந்தவரும் இவர்தான். இவருடைய நண்பர் கிறிஸ்ரியான் பாண்டர் 1817இல் கோழிக்கருவில் மூன்று படைகளைக் கண்டிருந்தார். அவை ஒவ்வொன்றும் எதுவாகிறது என்பதை 1850களில் கலங்களின் மட்டத்தில் தெளிவாக்கியவர் றொபேட் றேமாக். கீழ்ப்படை குடலின் உட்சுவராகிறது, நடுப்படை அதைச் சுற்றிய தசையாகிறது. றேமாக் யூதர். மதம் மாறச் சம்மதிக்காததால் பிரஷ்யாவில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

தொப்புள்கொடிக்குள் ஒரு மாதம்

இதுவரை வந்தது பெரும்பாலும் கோழியின் கதை. மனிதக் கருவை வரிசையாகப் பார்ப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் சாத்தியமானது. ஜேர்மனியில் வில்ஹெல்ம் ஹிஸ், அவரிடம் படித்த அமெரிக்கர் ஃபிராங்க்ளின் மோல் ஆகியோர் சிறு கருக்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, திரும்ப மாதிரியாகக் கட்டி ஆராய்ந்தார்கள். மோல் சேர்த்த தொகுதியைக் கொண்டு 1914இல் பால்ற்றிமோரில் கார்னெகி முளையவியல் பிரிவு தொடங்கியது. அந்தக் கருக்கள் கருச்சிதைவிலும் சத்திரசிகிச்சையிலும் வந்தவை, வைத்தியர்கள் அனுப்பி வைத்தவை. அந்தப் பெண்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. கருக்களுக்கு இலக்கம் இருக்கிறது, தாய்மாருக்குப் பெயர் இல்லை. எங்கள் பாடப்புத்தகப் படங்களுக்குப் பின்னால் இவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் படங்கள் சொல்வது இதுதான். கருத்தரித்து 4ஆம் கிழமையில் தட்டையான கரு மடிந்து குடல் குழாயாகிறது. முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று மூன்று பகுதிகள். முன்குடலில் களமும் இரைப்பையும் வரும், ஈரலும் அதிலிருந்தே முளைக்கும். நடுக்குடலில் சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் முதற்பாதியும். மிச்சம் பின்குடல்.

6ஆம் கிழமையளவில் ஒரு சிக்கல். நடுக்குடல் வேகமாக நீளுகிறது. ஈரலும் வேகமாகப் பெருக்கிறது. வயிற்றுக்குள் இடம் காணாது. ஆகவே நடுக்குடல் வளைந்து தொப்புள்கொடிக்குள் வெளியே போய்விடுகிறது! அங்கேயே நீண்டு, தன் இரத்தக்குழாயை அச்சாக வைத்து இடஞ்சுழியாகக் கால்வட்டம் திரும்புகிறது. 10ஆம் கிழமையளவில் வயிறு பெருத்ததும் திரும்ப உள்ளே வருகிறது. வரும்போது இன்னும் அரைவட்டம். மொத்தம் 270 பாகை. அப்பெண்டிக்ஸ் வலி வலதுபக்கம் கீழே வருவது ஏன் என்று கேட்டால், இந்தச் சுழற்சிதான் காரணம்.

சுழற்சி பாதியில் நின்றால் குடல் முறுகி இரத்தம் தடைப்படலாம். பச்சையாகச் சத்தியெடுத்துப் பல பச்சைப்பிள்ளைகள் இப்படிச் செத்தார்கள். 1923இல் எடின்பறோவைச் சேர்ந்த நோர்மன் டொட் என்ற இளம் சத்திரசிகிச்சை நிபுணர், இந்தச் சுழற்சிப் பிழைகளை முளையவியலை வைத்து வகைப்படுத்தினார். 1936இல் பொஸ்ரனில் வில்லியம் லாட் இதற்கான சத்திரசிகிச்சையை விவரித்தார். அதில் எங்களுக்குப் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. முறுகலை எடுத்து, தடுக்கும் பட்டிகளை வெட்டிய பிறகு, குடலை “வழமையான” இடத்தில் வைக்க அவர் முயலவில்லை. சிறுகுடல் வலதுபக்கம், பெருங்குடல் இடதுபக்கம் என்று அதற்குப் பாதுகாப்பான இடத்தில் விட்டார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். குடல் வேலை செய்ய அது புத்தகப் படம் மாதிரி இருக்கத் தேவையில்லை.

நடந்து வந்த நரம்புகள்

இன்னொரு கதை கொப்பன்ஹேகனில் தொடங்குகிறது. 1886இல் ஹரல்ட் ஹிர்ஷ்பிறுங் என்ற பிள்ளைநல வைத்தியர், மலம் கழிக்க முடியாமல் பெருங்குடல் வீங்கி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேர்லினில் பேசினார். வீங்கிய பகுதிதான் நோய் என்று நீண்டகாலம் நினைத்தார்கள். உண்மையில் அதற்குக் கீழே சாதாரணமாகத் தெரிந்த ஒடுங்கிய பகுதியில்தான் பிழை. அங்கே குடற்சுவரில் நரம்புக்கலங்கள் இல்லை. 1948இல் ஒர்வர் சுவென்சன் அந்த ஒடுங்கிய பகுதியை எடுத்துவிட்டுக் குடலை இணைத்துக் காட்டினார்.

ஏன் அங்கே மட்டும் நரம்பு இல்லை? பதில் மீண்டும் முட்டையிலிருந்து வந்தது. பிரான்சின் நிக்கோல் லு டுவாறன், பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை செய்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். காடைக் கலங்களின் கருவை நுணுக்குக்காட்டியில் கோழிக் கலங்களிலிருந்து பிரித்து அறியலாம் என்பதை 1969இல் காட்டினார். கோழிக்கருவின் முதுகுப்புற நரம்புப் பகுதியில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் காடையின் துண்டை வைத்தார். பிறகு பார்த்தால் கோழியின் குடலுக்குள் காடை நரம்புகள்! குடலின் நரம்புக்கலங்கள் குடலில் பிறப்பதில்லை. பெரும்பாலானவை கழுத்தடியிலிருந்து புறப்பட்டு, குடல் நெடுக மேலிருந்து கீழாகப் பயணம் செய்து வருகின்றன. பயணம் கடைசிவரை போகாவிட்டால், கடைசிப் பகுதி நரம்பில்லாமல் நிற்கும். 1994இல் இதில் பங்குள்ள ஒரு மரபணுவும் அடையாளம் காணப்பட்டது.

யார் கீறிய படம்?

வொல்ஃப் விட்டுப்போன கேள்விக்கு வருவோம். மடிப்பையும் சுருளையும் செய்வது எது? 2011இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடற்சுருளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். குடலை முதுகுப்புறத்தோடு பிடித்திருக்கும் மெல்லிய சவ்வைவிடக் குடல் வேகமாக நீளுகிறது. சவ்வு இழுபடுகிறது. இழுபட்ட சவ்வு குடலைச் சுருள வைக்கிறது. சவ்வை வெட்டிவிட்டால் குடல் நேராகிவிடுகிறது. ஒரு இறப்பர்க் குழாயை இழுத்துப் பிடித்த இறப்பர்த் தாளில் தைத்துக் கையை விட்டார்கள். குடல் மாதிரியே சுருண்டது.

சட்டைக்கு இலாஸ்ரிக் வைத்துத் தைத்தவர்களுக்கு இது புதிதல்ல. இலாஸ்ரிக்கை இழுத்துப் பிடித்துத் துணியில் தைத்துவிட்டு விட்டால் தானாகச் சுருக்கு விழும். ஒவ்வொரு சுருக்கையும் யாரும் கீறி வைப்பதில்லை. மரபணுக்கள் எது எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதில் பங்கெடுக்கின்றன. சுருளின் படம் அவற்றில் எங்கும் எழுதப்பட்டில்லை. தையற்காரரின் மகன் இதைக் கேட்டால் சந்தோசப்பட்டிருப்பார் என்று நினைக்கிறோம்.

இனி எங்கள் மச்சாளின் கதைக்கு வருவோம். தொப்புள்கொடிக்குப் போன குடல் உள்ளே திரும்பும் காலம் கருத்தரித்து 10ஆம் கிழமையளவு. கிளினிக் அட்டையில் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால் அது 12ஆம் கிழமை. அவவின் அட்டையை வைத்து எண்ணிப் பார்த்தோம். அது ஆவணி மாதம். கிரகணம் வந்தது நாலு மாதம் கழித்து. அண்டைக்கு அவ வெளியில் போனாலும் போகாவிட்டாலும், கட்டிலில் படுத்தேயிருந்தாலும், குடல் அப்போதே வெளியில்தான் இருந்தது.

வெளியிலிருந்து எதுவுமே கருவைப் பாதிக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. கர்ப்பிணிகளின் சத்திக்கென்று விற்கப்பட்ட தலிடமைட் மருந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உறுப்புக் குறைகளோடு பிறந்து, 1961இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால்தான் கர்ப்பகாலத்தில் மருந்தைக் கேட்டுக் குடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் அங்கேயும் குற்றம் மருந்தை விற்றவர்களுடையது, நம்பிக் குடித்த தாயினுடையதல்ல.

எங்கள் நண்பி இந்தக் கணக்கை அம்மம்மாவுக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறாள். மச்சாளும் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தவவாம். அம்மம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அது ஆவணியில முடிஞ்ச விசயமே?” எண்டு கேட்டாவாம். “ஓம் அம்மம்மா, ஆவணியில.” அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர் இன்னும் கேட்கிறது. ஆனால் இப்போது மச்சாளிடம் ஒரு பதில் இருக்கிறது.